அண்ணனின் பாட்டும் மச்சாளின் குரலும்

என் அண்ணன் அப்போது சங்கு குளிக்கிறவர். கிழமை நாட்களில் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்ச் சங்கு பொறுக்குவார். ஞாயிற்றுக்கிழமை வங்காலைக் கத்தோலிக்கக் கோயிலில் பாடுவார். சனிக்கிழமை ஒத்திகைக்கு நேரே கரையிலிருந்துதான் வருவார். தலைமயிரில் உப்புக் காய்ந்து வெள்ளையாக நிற்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். பாடகர் குழாமில் கீபோட் வாசிக்கிறேன். அண்ணன் எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் எந்தக் கட்டையில் பிடிப்பார் என்று என் விரல்களுக்கு முன்னமே தெரியும்.

அவர் சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கியது ஒரு செத்தவீட்டில். கூடச் சங்கு குளித்த நண்பர் ஒருவர் கடலுக்கடியிலிருந்து மெல்ல மெல்ல வராமல் வேகமாக மேலே வந்ததில், இரத்தத்தில் காற்று ஏறி உடம்பு மடங்கி இறந்துபோனார். அடக்கப் பூசையில் என்ன பாடுவது என்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிய அண்ணன், “இதில ஒண்டும் அவனுக்குப் பொருந்தாது” என்று மூடி வைத்தார். மறுநாள் சவக்காலையில், மண் போடுகிற நேரம், தானே கட்டிய பாட்டைப் பாடினார். ஆழத்தில் இருக்கிறவனை ஆண்டவர் அவசரப்படுத்தாமல் மெல்ல மெல்ல மேலே கூட்டிக்கொண்டு போகிறார் என்பதுதான் பாட்டு. யாரோ அதைப் போனில் பதிந்துவிட்டார்கள். அடுத்த கிழமை மன்னார் மீன் சந்தையில் ஐஸ் பெட்டிக்கு மேல் வைத்த போனில் அந்தப் பாட்டுப் போய்க்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

அப்படித்தான் அவர் பாடகரானார். பேசாலை, முருங்கன், தலைமன்னார் என்று நவநாள் பூசைகளுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கீபோட்டும் அண்ணனும், தபேலாவுக்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பியும் ஒரு வான் பிடித்துப் போய்வருவோம். பங்குத்தந்தையின் தூண்டுதலில் மன்னார் டவுனில் ஒரு தகரக் கூரைக் கடையறையில் முதல் இறுவட்டைப் பதிவு செய்தோம். நல்ல உருக்கமான இடத்தில் வெளியே நின்ற கழுதை ஒன்று கத்தத் தொடங்கியது. மூன்றாம் முறையும் கத்தியது. பதிவு செய்தவர் களைத்துப்போய், “அது போகாது அண்ணை, நாங்கள்தான் போகோணும்” என்றார். கடைசியில் கழுதையின் குரல் தூரத்தில் கேட்கிற மாதிரியே இறுவட்டு வந்தது. யாழ்ப்பாணம் போகிற பஸ்களில் அதைப் போடுவார்கள். அந்த இடம் வரும்போது ஆட்கள் சிரிப்பார்கள். பிறகு பாட்டுக்காக அமைதியாகிவிடுவார்கள். அண்ணனுக்கு அதில் குறை இல்லை. “ஆண்டவர் ஏறிப்போன வாகனம்தானே” என்பார்.

மச்சாள், அதாவது அண்ணனின் மனைவி, இதில் ஒன்றிலும் சேரவில்லை. அவர் அடம்பனில் நெல் விதைக்கிற சைவக் குடும்பத்துப் பெண். மன்னாரில் தையல் பழக வந்த இடத்தில் அண்ணனைக் கண்டு, இரண்டு வீட்டிலும் கொஞ்சக்காலம் முகம் திருப்பி, பிறகு திரும்பி நடந்த கலியாணம். பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடி வளர்ந்தவர் என்று தெரியும். வீட்டில் அரிசி புடைக்கும்போது வாய்க்குள் ஏதோ பாடுவார். நான் அருகில் போனால் நிறுத்திவிடுவார். பாடகர் குழாமுக்கு வாருங்கோ என்றால், “ஐயோ பிள்ளை, சனத்துக்கு முன்னால வாய் திறக்க எனக்கு வெக்கம்” என்பார்.

அண்ணனுக்குக் காது போனது ஒரு சாதாரண நாளில். மூக்கடைத்த தடிமனோடு கடலுக்குப் போயிருக்கிறார். போகவேண்டாம் என்று மச்சாள் சொல்லியும் போயிருக்கிறார். வந்ததும், “வலக்காதுக்குள்ள தண்ணி போயிட்டுது” என்று தலையைச் சரித்துக் குதித்தார். உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டுக்கொண்டு படுத்தார். காலையில் தலையணை உறையில் இரத்தம் இருந்ததை மச்சாள் எனக்குத்தான் காட்டினார். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சில நாளில் நோவு நின்றது. அதோடு எல்லாம் சரி என்று நினைத்தார்.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு முதல்நாள் நற்கருணை ஆராதனை. முற்றம் நிறையச் சனம். நான் முன்னிசை வாசித்து முடிய அண்ணன் தொடங்கினார். அவர் குரல் கீபோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஒரு கட்டை கீழே என்றால் கட்டையை மாற்றி வாசித்துவிடலாம். இது இரண்டு கட்டைக்கும் நடுவில், ஒரு சுரமும் இல்லாத இடத்தில் நின்றது. கீபோட்டின் இடது ஓரத்தில் சின்னச் சில்லு ஒன்று இருக்கும். அதை உருட்டினால் சத்தம் முழுவதும் கொஞ்சம் இறங்கும், ஏறும். நான் இடக்கையால் அந்தச் சில்லை அவர் குரல் நின்ற இடம்வரை இறக்கிப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் பாட்டு முழுவதையும் வாசித்தேன். முடிந்ததும் ஒரு அன்ரி வந்து, “இண்டைக்குப் புது ஸ்ரைலாக இருந்தது பிள்ளை” என்றார்.

அடுத்தடுத்த நிகழ்ச்சிகளிலும் அப்படித்தான். பாடகர் குழாமில் எல்லோருக்கும் விளங்கியிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணனில் அவ்வளவு விருப்பம்.

மச்சாள்தான் சொன்னார். ஒரு காலைச் சாப்பாட்டு நேரம், நானும் இருந்தேன்.

“இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“நீங்கள் சுருதி விலகிப் பாடுறியள்.”

அண்ணன் கையில் எடுத்த புட்டைத் திரும்பச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார்.

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டினம். அதுதான் நான் சொல்லுறன்.”

“அவ்வளவு சனமும் கைதட்டுதே!”

“அது உங்களுக்குத் தட்டுறது. பாட்டுக்கு இல்லை.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “உண்மையே தங்கச்சி?”

“ஓம் அண்ணா” என்றேன். சில்லு உருட்டுகிற கதையையும் சொன்னேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வெளியே போய், கவிழ்த்துக் கிடந்த படகில் சாய்ந்துகொண்டு நின்றார். மச்சாள் புட்டை மூடி வைத்தார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. “பாவம், எவ்வளவு ஆசையாப் பாடுறவர்” என்றார் என்னிடம். அடுத்த ஞாயிறு அண்ணன் பூசைக்கு வந்து, பின்வரிசையில் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கிற தகப்பன்மாரோடு இருந்தார். அன்றைக்குப் பாடகர் குழாமில் எங்களுக்கு ஒரு பாட்டும் எடுபடவில்லை.

யாழ்ப்பாணத்தில் காது வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனது மச்சாள்தான். உள்காது பழுதாகிவிட்டது என்றார் வைத்தியர். வலக்காதில் ஒரு சுரமும் இடக்காதில் இன்னொரு சுரமுமாகக் கேட்கும். எது சரி என்று தலைக்குத் தெரியாது. அதனால்தான் இரண்டுக்கும் நடுவில் பாடுகிறார். இனிக் கடலுக்கடியில் போனால் மற்றக் காதும் போய்விடும். அண்ணன் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “டொக்டர், பாடலாமே?”

“பாடுங்கோ. அதால காதுக்கு ஒரு பழுதும் இல்லை” என்று அவர் சிரித்தார். “கேக்கிற ஆக்களுக்கு என்னெண்டு எனக்குத் தெரியாது.”

அண்ணன் சிலிண்டரை விற்றுவிட்டு நண்டு வலைக்குப் போகத் தொடங்கினார். வலையை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தால் நண்டு கழற்றுவது பெரிய வேலை. ஒவ்வொரு காலாகப் பிரித்தெடுக்க வேண்டும், கொடுக்குக் கடியும் படவேண்டும். மச்சாளும் கூட இருந்து கழற்றுவார். அந்த வேலையில் அண்ணன் வாய் சும்மா இருக்காது. அங்கேதான் அந்த வழி பிறந்தது. அண்ணன் பாடத் தொடங்க, மச்சாள் அவருடைய இடப்பக்கம், நல்ல காதுப் பக்கமாக நெருங்கி இருந்து, மெல்லிய குரலில் சரியான சுருதியில் கூடப் பாடினார். அண்ணன் வலக்காதை விரலால் பொத்திக்கொண்டார். குரல் ஏறி வந்து அதன் இடத்தில் பொருந்தியது. நான் பள்ளிக்கூடம் முடிந்து அந்த வழியாக வந்தபோது இரண்டு பேரும் நண்டை மறந்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நண்டு சட்டியிலிருந்து இறங்கிக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

“மச்சாள், இதைக் கோயிலில செய்யலாமே?”

“எனக்கு மைக் வேண்டாம்” என்றார் உடனே. “இவருக்குப் பக்கத்தில நிப்பன். அவ்வளவுதான்.”

அப்படித்தான் நின்றார். முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டு, சனத்தைப் பார்க்காமல், அண்ணனின் இடத்தோளோடு ஒட்டி நிற்பார். அவருடைய காதுக்குள்தான் பாடுவார். ஆனால் மைக் அண்ணனின் வாய்க்கு முன்னால் இருந்தது. மச்சாளின் வாயும் அங்கேதான் இருந்தது. அண்ணனின் தடித்த குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், மெல்லிசாக, நேராக, ஒரு நடுக்கமும் இல்லாமல் கேட்டது. நவநாள் முடிந்து வெளியே வந்தவர்கள், “அது ஆர் மற்றக் குரல்?” என்று கேட்டார்கள். மச்சாள் அதற்குள் வானில் ஏறி இருந்துவிடுவார்.

இரண்டாவது பதிவுக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனோம். அங்கே காதில் ஹெட்போனை மாட்டிப் பாடச் சொன்னார்கள். மாட்டியதும் அண்ணனின் சுருதி ஓடியே போய்விட்டது. ஒரு பக்கத்தைக் கழற்றிப் பார்த்தோம். மச்சாளை உள்ளே விட்டுப் பார்த்தோம். மத்தியானம் வரை ஒரு பாட்டும் முடியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர் பொறுமையான மனிதர். கடைசியில், “அக்கா, நீங்கள் ஒருக்காத் தனியப் பாடுங்கோ. சும்மா கேட்டுப் பாப்பம்” என்றார்.

மச்சாள் மாட்டேன் என்று தலையாட்டினார். அண்ணன், “பாடு” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். மச்சாளுக்கு முகம் செத்துவிட்டது. “நீங்கள் பாடுங்கோ, நான் பாக்கிறன்” என்று நான் பின்னால் போனேன். அண்ணன் வெளியில், கதவோடு இடக்காதை ஒட்ட வைத்து, வலக்காதைப் பொத்திக்கொண்டு நின்றார். உள்ளே மச்சாள் தொடங்கியிருந்தார். சவக்காலையில் பாடிய அந்த முதல் பாட்டு.

பாட்டு முடிந்ததும் அண்ணன் சொன்னார்:

“உள்ளுக்கு நிண்டா ரெண்டு குரல் கேக்குது. இஞ்ச ஒண்டுதான். ஒழுங்காக் கேக்கோணும் எண்டு வந்தனான்.”

“கோவமோ எண்டு பயந்துட்டன்.”

“எரிச்சலும் இருக்கு. அதை ஏன் இல்லையெண்டுவான்? இது என்ர பாட்டு.” சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். “ஆனா இந்தப் பாட்டு இப்படி இருக்கும் எண்டு எனக்கே தெரியாது.”

அந்தப் பதிவில் எல்லாப் பாட்டையும் மச்சாள்தான் பாடினார். ஒவ்வொரு பாட்டின் முன்னாலும் அண்ணன் ஒரு கொஞ்சம் கதைப்பார்: இந்தப் பாட்டு எந்தக் கரையில் வந்தது, யாருக்காக வந்தது என்று. யூடியூப்பில் போட்டோம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தெரியாத ஆட்கள் அழுதுகொண்டு குரல் பதிந்து அனுப்பினார்கள். அடம்பனில் மச்சாளின் அப்பா, திருநீறு பூசாமல் வெளியே இறங்காத மனிதர், மகளின் பாட்டைத் தன் போனுக்கு மணியாக வைத்திருக்கிறார். டிரக்டர் சத்தத்தில் கேட்காது என்று உச்சச் சத்தத்தில் வைத்திருப்பார். ஒரு நாள் கோயில் பொங்கலுக்கு நடுவில் அது அடித்து, ஐயர் திரும்பிப் பார்த்தாராம். “என்ர பிள்ளை பாடுறது ஐயா” என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாராம்.

போன வருடம் கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் ஒரு பெரிய மண்டபத்தில் தமிழ்க் கிறிஸ்தவப் பாடகர்கள் பலரும் பாடுகிற நிகழ்ச்சி. ஏற்பாட்டாளர் போனில் கதைத்தார். மச்சாளின் கையெல்லாம் நண்டு வாடை என்பதால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

“அக்கா மட்டும் பாடினா நல்லம்” என்றார் அவர். “அண்ணைக்குக் காது கொஞ்சம் ஏலாதெண்டு கேள்விப்பட்டம். வேற ஒண்டும் நினைக்க வேண்டாம்.”

அண்ணன் பக்கத்திலேயே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். மச்சாள் அவரைப் பார்த்தார்.

“அவர் சொல்லுறது சரிதானே” என்றார் அண்ணன், ஊசியை நிறுத்தாமல். “போ. நான் சனத்துக்குள்ள இருந்து கேக்கிறன். நல்ல சேட்டு ஒண்டும் எடுக்கோணும்.”

போனோம். மண்டபம் குளிரூட்டப்பட்டது, கதிரையெல்லாம் மெத்தை. அண்ணன் புதுச் சேட்டோடு முன்பக்கமாக ஒரு கதிரையில் இருந்தார். எங்கள் முறை வந்தது. மச்சாள் தனியே மைக்குக்கு முன்னால் நின்றார். நான் முன்னிசை வாசித்தேன். மச்சாள் தொடங்கவில்லை. திரும்ப வாசித்தேன். வாய் திறந்தது, குரல் வரவில்லை. மூன்றாம் முறையும் வாசித்தபோது சனத்துக்குள் குசுகுசுப்பு எழுந்தது. வெட்கத்தில் அழப்போகிறார் என்று நினைத்தேன். மச்சாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மைக்கிலேயே கதைக்கத் தொடங்கினார்.

“மன்னிக்கோணும். என்ர அவர் கீழ இருக்கிறார். இந்தப் பாட்டெல்லாம் அவர் கட்டினது. அவர் மூச்செடுக்கிறதைக் கேட்டுத்தான் எனக்குத் தொடங்கத் தெரியும். அவர் பாட வேண்டாம். பக்கத்தில நிண்டாக் காணும்.”

ஏற்பாட்டாளர் ஓடிப்போய் அண்ணனின் கையைப் பிடித்து மேலே ஏற்றினார். அண்ணன் மச்சாளின் பக்கத்தில் வந்து, மைக்கிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார். நான் வாசித்தேன். அண்ணன் கடலுக்குள் இறங்கப்போகிறவர் மாதிரி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். மேடையில் இருந்த எனக்கு அது கேட்டது. மச்சாள் தொடங்கினார். அப்படி அவர் பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை. முடிந்ததும் சனம் எழும்பி நின்றது. ஏற்பாட்டாளர் வெட்கப்பட்டுக்கொண்டு, “அண்ணை, நீங்களும் ஒரு அடி பாடுங்கோ” என்று மைக்கை நீட்டினார். “வேண்டாம் ஐயா” என்றார் அண்ணன். “அவ பாடினதைப் பழுதாக்க எனக்கு விருப்பமில்லை.” சனம் சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் வானில் மன்னாருக்குத் திரும்பி வரும்போது மதவாச்சி வரையும் வெளியே பார்த்துக்கொண்டுதான் வந்தார். மச்சாள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தார். பிறகு அண்ணன், “பசிக்குது” என்றார். வானை நிற்பாட்டி ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். பதாகையில் மச்சாளின் படம் பெரிதாக இருக்கும், அண்ணனின் படம் கொஞ்சம் சிறிதாக. ஊர்ச் செத்தவீடுகளில் மட்டும் இன்னும் அண்ணன்தான் பாடவேண்டும் என்பார்கள். மைக் இல்லாமல், தன் சுருதியில் பாடுவார். அங்கே ஒருவருக்கும் அது விலகலாகப் படுவதில்லை.

இந்த வருடம் ஒரு புதுச் சண்டை வந்தது. நண்டு கழற்றிக்கொண்டிருக்கும்போது மச்சாள் சொன்னார்:

“எல்லாப் பாட்டிலயும் கடலும் படகும்தான். ஒரு பாட்டில நெல்லு வைக்கக் கூடாதே? நானும் ஒரு இடத்திலயிருந்துதானே வந்தனான்.”

“எனக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும்?”

“அப்பாவைக் கேளுங்கோ.”

விதைப்பவர் விதைக்கப் போனதாக இயேசு சொன்ன கதையை வைத்து அண்ணன் ஒரு பாட்டுக் கட்டினார். ஒரு ஞாயிறு பூசை முடிய மூன்று பேருமாக அடம்பனுக்குப் போனோம். வயல் கதிர் தள்ளிப் பச்சையாக நின்றது. மச்சாளின் அப்பா வரம்பில் துவாயை விரித்து இருந்து, “சரி, பாடுங்கோ பாப்பம்” என்றார். மச்சாள் பாடினார், நான் சின்னக் கீபோட்டை மடியில் வைத்து வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றார் அண்ணனிடம். “விதைக்கிறார், முள்ளில விழுகுது, கல்லில விழுகுது, நல்ல நிலத்தில விளையுது. குருவி எங்க?”

“என்ன குருவி மாமா?”

“விதைச்ச உடன வாற குருவி. நாங்கள் குருவி கலைச்சே அரைவாசி ஆயுள் போகுது. நெல்லைப் பற்றிப் பாடிப்போட்டு அதை விட்டா எப்பிடி?”

அண்ணன் நெற்றியில் கையை வைத்தார். “மாமா, அது பைபிளிலயே இருக்கு. வழியோரம் விழுந்ததைப் பறவைகள் வந்து தின்னுது. நான்தான் விட்டுட்டன்.”

“அப்பிடியே? அப்ப சொன்னவர் வயல் தெரிஞ்ச ஆள்” என்றார் மச்சாளின் அப்பா, மிகவும் திருப்தியோடு.

குருவியை எந்த அடியில் வைப்பது என்பதில் இரண்டு பேரும் பின்னேரம் வரை ஒத்துவரவில்லை. முதல் அடியிலேயே வரவேண்டும் என்றார் மாமா. தாளத்துக்குள் நிற்காது என்றார் அண்ணன். மச்சாள் இரண்டு விதமாகவும் பாடிக் காட்டினார். வயலுக்கு மேலால் உண்மையான குருவிக் கூட்டம் ஒன்று வர, மாமா பாட்டை அப்படியே விட்டுவிட்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு வரம்பு வழியே ஓடினார்.